வெள்ளை அணு 86,000 இருந்தும் அப்பாவுக்கு ஏன் அடிக்கடி நிமோனியா?

குளச்சலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 67 வயது, நாற்பது வருடம் வள்ளத்தில் போய் மீன் பிடித்தவர். வேறு எதற்கோ ரத்தம் பார்த்தபோது வெள்ளை அணு 86,000 என்று வந்திருக்கிறது, பிறகு திருவனந்தபுரத்தில் காட்டி சிஎல்எல் என்று உறுதியாகியிருக்கிறது, அதாவது லிம்போசைட் என்ற வெள்ளை அணுவில் மெதுவாக வளரும் ஒரு ரத்தப் புற்றுநோய். மருந்து எதுவும் தரவில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் பார்த்தால் போதும் என்றார்களாம். ஆனால் இந்த ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை நிமோனியா. ரிப்போர்ட்டில் '13கியூ டெலீஷன்' என்று ஒரு வரி, அதாவது 13-ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை. அவர் கேட்பது மூன்று: நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணு இவ்வளவு இருந்தும் ஏன் தொற்று வருகிறது, இந்த மரபணுக் குறை எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வருமா, மணவாளக்குறிச்சி மணல்தான் இதற்குக் காரணமா.

நான் டாக்டர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு இப்போது தக்கலையில் இருக்கிறேன். அப்பாவுக்கு என்ன மருந்து, எப்போது என்பதை அவரைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை என்னால் சொல்ல முடியும், அது தெரிந்தால் நிமோனியா ஏன் வருகிறது என்பதும் புரிந்துவிடும்.

மணல் கேள்வியை முதலில் முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் கடலோரத்தில் யாருக்கு என்ன புற்றுநோய் வந்தாலும் முதலில் எழும் பேச்சு அதுதான். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் கதிர்வீச்சு விடுகிற தோரியம் இருக்கிறது, அதனால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் நம்ம பக்கத்திலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். இதே வகை மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். கதிர்வீச்சு கூடிய வீடுகளில் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. ஜப்பானில் அணுகுண்டு விழுந்து பிழைத்தவர்களிடம் சிஎம்எல் (வேறு வகை வெள்ளை அணுக்களில் வரும் இன்னொரு நாட்பட்ட ரத்தப் புற்றுநோய்) உட்பட மற்ற ரத்தப் புற்றுநோய்கள் தெளிவாகக் கூடின, சிஎல்எல் அப்படிக் கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. மணல் எடுப்பதைப் பற்றி நம்ம ஊர்க்காரர்கள் கேட்கிற மற்ற கேள்விகள் எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் அப்பாவின் இந்த நோயை மணல் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை, கையில் அதற்கான ஆதாரமும் இல்லை.

இன்னொன்று. நாட்பட்ட ரத்தப் புற்றுநோய் என்றதுமே சொந்தக்காரர்கள் சிஎம்எல் என்று நினைத்துக்கொண்டு, தினமும் ஒரு மாத்திரை போட்டால் போதுமே, இன்னாருக்கு இருபது வருடமாக நன்றாக இருக்கிறதே என்று ஆறுதல் சொல்வார்கள். அது வேறு நோய், அந்த மாத்திரை இமாட்டினிப், 2001-இல் வந்தது, இதற்கு வேலை செய்யாது. நம்ம நாட்டில் சிஎம்எல் அதிகம், சிஎல்எல் குறைவு, அதனால்தான் இந்தக் குழப்பம். மேற்கு நாடுகளில் பெரியவர்களுக்கு வருகிற ரத்தப் புற்றுநோய்களில் சிஎல்எல்தான் முதலிடம்.

சரி, இப்போது ரத்தத்துக்கு வருவோம். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் ஒரே இழுப்பில் இழுத்து, காயவிட்டு, லீஷ்மன் சாயம் ஊற்றிக் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், சிஎல்எல் ரத்தத்தைப் பார்த்த உடனே கண்டுகொள்ளலாம். சின்னச் சின்ன லிம்போசைட், ஒன்றைப்போலவே இன்னொன்று, உட்கரு ஊதா நிறத்தில், கோடையில் குளத்துச் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்த மாதிரி. நடுநடுவே உருத்தெரியாமல் நசுங்கிப் பரவிய ஊதாக் கறைகள் கிடக்கும், அதற்கு ஸ்மட்ஜ் செல் என்று பெயர். தகட்டை இழுக்கிற அந்த லேசான அழுத்தத்தைக்கூடத் தாங்காமல் உடைந்துபோன செல்கள் அவை. ரத்தத்தில் ஒரு சொட்டு ஆல்புமின் கலந்து இழுத்தால் உடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கறைகளைப் பார்த்து என் கைதான் சரியில்லை என்று நினைத்து மூன்று தகடு திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறேன்.

இந்த லிம்போசைட்டுகள் பி செல் வகை. நல்ல உடம்பில் பி செல் என்பது கிருமியைப் பார்த்தால் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கிற புரதம், செய்கிற கூட்டம், ஆயிரக்கணக்கான கிருமிகளுக்கு ஆயிரக்கணக்கான வகை. அப்பாவின் 86,000-இல் பெரும்பகுதி ஒரே ஒரு பி செல்லின் நகல். அந்த ஒன்றுக்குத் தெரிந்தது மட்டும்தான் அத்தனைக்கும் தெரியும். ஆகவே எண்ணிக்கையைப் பார்த்துப் பலம் என்று கணக்குப் போடக் கூடாது.

இந்த நகல்கள் ஏன் குவிகின்றன? இங்கேதான் 13கியூ வருகிறது. நம் உடம்பில் உட்கரு உள்ள எந்தச் செல்லை எடுத்தாலும் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000 அப்படியே இருக்கும், தோல் செல்லிலும் அதே, வெள்ளை அணுவிலும் அதே. எதை எப்போது எவ்வளவு ஓடவிடுவது என்பதில்தான் வித்தியாசம். பேச்சிப்பாறை அணை நிறைந்து கிடந்தாலும் கால்வாயில் ஷட்டரை எவ்வளவு தூக்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தானே கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்கிறது, அது மாதிரி செல்லுக்குள்ளும் ஷட்டர் வேலை பார்ப்பவை இருக்கின்றன. சில புரதங்கள் மரபணு மேலேயே உட்கார்ந்து அதைத் திறக்கும், மூடும். சில வேதிக்குறிகள் டிஎன்ஏ மேல் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தை அடைத்து வைக்கும். அப்புறம் மைக்ரோ ஆர்என்ஏ என்று ஒரு கூட்டம், ஒவ்வொன்றும் சுமார் 22 எழுத்து நீளம்தான், புரதம் செய்யப் போகும் தூது ஆர்என்ஏ மேல் போய் ஒட்டி அந்த வேலையை நிறுத்திவிடும். விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் ஒரு சின்னப் புழுவில் 1993-இல் இதைக் கண்டார்கள், 2024-இல் அதற்காக நோபல் பரிசு வாங்கினார்கள்.

சிஎல்எல் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு 13-ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை என்பது முன்பே தெரியும். அந்தத் துண்டில் புற்றுநோயைத் தடுக்கிற ஏதோ ஒரு புரத மரபணு இருக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் தேடினார்கள், அப்படி ஒன்றும் அகப்படவில்லை. 2002-இல் ஜார்ஜ் காலின், கார்லோ குரோச்சே குழுதான் அங்கே தொலைந்துபோயிருப்பது இரண்டு மைக்ரோ ஆர்என்ஏ என்று காட்டியது, மிர்-15ஏ, மிர்-16-1. அவர்கள் பார்த்த சிஎல்எல் ரத்தங்களில் சுமார் 68 சதவீதத்தில் இந்த இரண்டும் இல்லை அல்லது குறைந்திருந்தது. மைக்ரோ ஆர்என்ஏவுக்கும் மனிதப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு முதன்முதலில் தெரிந்தது இந்த நோயில்தான். என்ன வேலை செய்தன இந்த இரண்டும்? பிசிஎல்2 என்ற புரதத்தை அடக்கி வைத்தன என்று 2005-இல் அதே குழு சொன்னது. வேலை முடிந்த செல் தானாகச் செத்துப்போக வேண்டும், பிசிஎல்2 அந்தச் சாவைத் தடுக்கிற புரதம். அடக்குகிற ஆள் போனதும் பிசிஎல்2 பெருகுகிறது, செல் சாக மறுக்கிறது. சிஎல்எல் மெதுவாக வளர்வதற்கும் இதுவே முக்கியமான காரணம்: வெறித்தனமாகப் பிரிந்து பெருகுவதைவிட, போக வேண்டியது போகாமல் தங்கிவிடுவதுதான் இங்கே பெரும்பகுதி. 2010-இல் எலிகளில் இதே துண்டை நீக்கிப் பார்த்தபோது சிஎல்எல் மாதிரியான நோய் வந்தது.

மற்ற ஷட்டர்களும் கெடுவதுண்டு. மிர்-155 என்பது இந்தச் செல்களில் கூடிவிடுகிறது, அதனால் பி செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே போகிற சிக்னல் பலமாகிறது. 17-ஆவது குரோமோசோமில் டிபி53 என்ற, புற்றுநோயைத் தடுக்கிற மரபணு போனால் நோய் முரட்டுத்தனமாகிவிடும். 2000-இல் 325 நோயாளிகளைப் பார்த்த ஒரு ஜெர்மன் ஆய்வில், 13கியூ மட்டும் போனவர்கள் சராசரியாக 133 மாதம் இருந்தார்கள், டிபி53 உள்ள 17பி துண்டு போனவர்கள் 32 மாதம். அது கீமோ மட்டும் இருந்த காலத்துக் கணக்கு, இன்றைய மருந்துகளுக்கு முந்தையது, அதை அப்படியே அப்பாவுக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம். ஆனால் 13கியூ மட்டும் என்பது இருப்பதில் நல்ல செய்தி என்பது இன்றும் மாறவில்லை.

இதுவரை சொன்னது கெட்ட செல்லுக்குள் நடப்பது. உங்கள் கேள்விக்கான பதில் அதற்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல செல்லில் இருக்கிறது தம்பி.

டி செல் என்று ஒரு வகை லிம்போசைட், கெட்டுப்போன செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வதும், பி செல்லுக்கு ஆன்டிபாடி செய்யச் சொல்லிக் கொடுப்பதும் அதன் வேலை. அப்பாவின் உடம்பில் அந்த டி செல்லுக்குள் எந்தக் குரோமோசோமும் குறையவில்லை, எல்லா மரபணுவும் சரியாகவே இருக்கின்றன. ஆனாலும் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. 2005-இல் ஒரு சோதனை செய்தார்கள்: நோயே இல்லாத ஒருவரின் டி செல்லை எடுத்து சிஎல்எல் செல்லோடு ஒரே கிண்ணத்தில் வளர்த்தார்கள். நோயாளியின் டி செல்லில் எந்த மரபணுக்கள் ஏறி இறங்கியிருந்தனவோ, ஏறக்குறைய அதே மாற்றங்கள் இந்த நல்ல டி செல்லிலும் வந்தன, அதுவும் இரண்டும் ஒன்றையொன்று தொட்டபோது. 2008-இல் இன்னொன்று தெரிந்தது. டி செல் எதிரியைப் பிடிக்கும்போது தன் உள் எலும்புக்கூட்டைத் திருப்பி, இரண்டும் ஒட்டுகிற இடத்தில் ஒரு பிடிப்பை உண்டாக்கிக்கொள்ளும், அந்தப் பிடிப்பு வழியாகத்தான் கொல்லும் சரக்கு போக வேண்டும். சிஎல்எல் செல்லைத் தொட்ட டி செல்லுக்கு அந்தப் பிடிப்பு விழவில்லை. கை இருக்கிறது, விரல் மடங்கவில்லை.

தொடாமலும் கெடுக்கிறது. சிஎல்எல் செல் எக்சோசோம் என்ற நுண்பைகளை ரத்தத்தில் விடுகிறது, உள்ளே ஆர்என்ஏ துண்டுகள். அவை மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களுக்குள் போனதும் மோனோசைட்டுகள் தங்கள் மேல் பிடி-எல்1 என்ற தடைக்குறியை ஏற்றிக்கொள்கின்றன என்று 2017-இல் காட்டினார்கள், இதற்குக் காரணமான ஆர்என்ஏவுக்கு எச்ஒய்4 என்று பெயர். பிடி-எல்1-ஐப் பார்க்கிற டி செல் பின்வாங்கும். இப்படி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பின்வாங்கிப் பின்வாங்கி அது களைத்துப்போகிறது, களைப்பு என்பதுதான் துறையில் சொல்கிற வார்த்தையும். டாக்ஸ் என்ற ஷட்டர்ப் புரதம் டி செல்லுக்குள் ஏறினால் இந்தக் களைப்பு நிரந்தரமாகப் பதிந்துவிடுகிறது என்று 2019-இல் பல குழுக்கள் ஒரே சமயத்தில் கண்டன. இன்னொரு பக்கம், நிணநீர்க் கணுக்களில் இதே டி செல்கள் சிஎல்எல் செல்லுக்கு உயிரோடு இருக்கச் சொல்லும் சிக்னலைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. கொல்ல வந்தது சோறு போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, நல்ல பி செல்லுக்கு எலும்பு மஜ்ஜையில் இடமில்லை, சொல்லிக் கொடுக்க டி செல்லுக்குத் தெம்பில்லை, ஆன்டிபாடி மெல்ல மெல்லக் குறைகிறது. அப்பாவின் நிமோனியா இங்கிருந்து வருகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், சிஎல்எல் என்று தெரிந்து ஆறு வருடம் நன்றாக இருந்தவர், ரப்பர் தோட்டத்துக்கு விடியற்காலையில் போய் வெட்டு முடித்து வந்து ஒன்பது மணிக்குக் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மழைக்காலத்தில் நான்கு நாள் காய்ச்சல். 'எனக்குத்தான் கவுண்ட் அதிகமாக இருக்கிறதே, உடம்பே பார்த்துக்கொள்ளும்' என்று அவர் சொன்னதை வீட்டில் எல்லாரும் நம்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். புற்றுநோய் அவரைக் கொண்டுபோகவில்லை. அந்த நான்கு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த அறிவெல்லாம் மருந்தாகவும் வந்திருக்கிறது. பிசிஎல்2-ஐ மறிக்கிற வெனிட்டோகிளாக்ஸ் 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, தொலைந்துபோன மைக்ரோ ஆர்என்ஏ செய்யாமல் விட்ட வேலையை ஒரு மாத்திரை செய்கிறது என்று சொல்லலாம். ஒரேயடியாகக் கொடுத்தால் செல்கள் மொத்தமாகச் செத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், அதனால் 20 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு வாரம் ஏற்றி ஐந்தாவது வாரம் 400-க்குக் கொண்டுபோவார்கள். இன்னொன்று, பி செல்லுக்குள் சிக்னலைக் கடத்துகிற பிடிகே என்ற புரதத்தை மறிக்கிற மருந்துகள், முதலில் வந்தது இப்ருட்டினிப், 2014-இல் சிஎல்எல்லுக்கு. பிடிகே கதை எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்: 1952-இல் ஆக்டன் புரூட்டன் என்ற டாக்டர், திரும்பத் திரும்ப நோய்த்தொற்று வந்த ஒரு எட்டு வயதுப் பையனின் ரத்தத்தில் ஆன்டிபாடியே இல்லை என்று கண்டார், பிடிகே பிறவியிலேயே கெட்டுப்போனால் பி செல் வளராது என்பது பிற்பாடு, 1993-இல் தெரிந்தது. அந்தக் குழந்தைகளுக்குக் குறையாக இருந்த இடத்தையே இன்று மருந்து குறிவைக்கிறது. இப்ருட்டினிப் டி செல்லில் இருக்கிற ஐடிகே என்ற புரதத்தையும் சேர்த்து மறிக்கிறது, அதனால் டி செல்லின் போக்கும் கொஞ்சம் மாறுகிறது. ஒரு விஷயம் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு அப்பாவுக்கு இந்த வகை மாத்திரை தொடங்கினால் முதல் சில வாரங்களில் கவுண்ட் குறையாமல் ஏறலாம், கணுக்களில் ஒளிந்திருந்த செல்கள் ரத்தத்துக்கு இறங்கி வருவதால். பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

களைத்த டி செல்லை எழுப்ப முடியாதா என்று கேட்பீர்கள். பிடி-எல்1 வந்து ஒட்டுகிற, டி செல் மேலுள்ள பிடி-1 தடையை நீக்குகிற மருந்து வேறு பல புற்றுநோய்களில் நன்றாக வேலை செய்கிறது, சிஎல்எல்லில் 16 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஒருவருக்கும் பலனில்லை. சிஎல்எல் முற்றி வேறு வடிவம் எடுத்த ரிக்டர் நிலையில் 9 பேரில் 4 பேருக்குப் பலன் இருந்தது. அதனால் யாராவது விற்க வந்தால் கவனமாக இருங்கள். டி செல்லை வெளியே எடுத்து, மரபணு சேர்த்து, திரும்ப ஏற்றுகிற கார்-டி சிகிச்சை 2010-இல் பென்சில்வேனியாவில் முதலில் கொடுக்கப்பட்டதே சிஎல்எல் நோயாளிகளுக்குத்தான், அவர்களில் இருவரின் உடம்பில் அந்தச் செல்கள் பத்து வருடத்துக்குப் பிறகும் இருந்ததாக 2022-இல் எழுதினார்கள். இருந்தாலும் சிஎல்எல்லில் பலருக்கு அது பலிக்கவில்லை, ஏனென்றால் எடுக்கிற டி செல்லே களைத்தது. அதில் ஒருவர் கதை மட்டும் வேறு. 78 வயது. முதல் ஊசி பலிக்கவில்லை, இரண்டாவது ஊசிக்குப் பிறகும் வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. சுமார் இரண்டு மாதம் கழித்து திடீரென்று டி செல்கள் பொங்கின, நோய் மறைந்தது. பிரித்துப் பார்த்தால், அந்த நேரத்து கார்-டி செல்களில் 94 சதவீதம் ஒரே ஒரு டி செல்லின் வாரிசுகள். புதிதாகச் சேர்த்த மரபணு அந்த ஒரு செல்லில் தற்செயலாகப் போய் விழுந்த இடம் டெட்2 என்ற மரபணுவின் நடுவே, இன்னொரு பிரதி டெட்2-வில் ஏற்கெனவே ஒரு குறை இருந்தது. டெட்2 என்பது டிஎன்ஏ மேல் உள்ள மெத்தில் குறிகளை நீக்க உதவுகிற ஒழுங்குமுறைப் புரதம். அந்த ஒரு ஷட்டர் கெட்டதும் டி செல் களைக்காமல் நினைவுச் செல் மாதிரி நீடித்தது. 2018-இல் இதை வெளியிட்டபோது எங்கள் லேபில் மதியச் சாப்பாட்டையே மறந்து அதைப் பற்றிப் பேசினோம். சோதனைக்கூடங்களில் இப்போது டெட்2 மாதிரியானவற்றை வேண்டுமென்றே தொட்டுப் பார்க்கிறார்கள், ஆனால் டெட்2 கெட்டால் வேறு ரத்தப் புற்றுநோய் வரும் என்பதும் தெரிந்ததே, ஆகவே நிதானமாகத்தான் போக வேண்டும்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமா? அந்த 13கியூ குறை அப்பா பிறக்கும்போது இருந்தது கிடையாது, வயதான பிறகு ஒரு பி செல்லில் ஏற்பட்டது, விந்து வழியாக உங்களுக்கு வராது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ சிஎல்எல் இருந்தால் மற்றவர்களைவிட வாய்ப்பு பல மடங்கு கூடுதல் என்பது உண்மைதான், ஐஆர்எஃப்4 என்ற ஷட்டர் மரபணுவின் அருகே உள்ள சில வேறுபாடுகள் அதற்கு ஒரு பங்கு என்று 2008-இல் கண்டார்கள். ஆனால் நம்ம நாட்டில் இந்த நோயே அரிது, அரிதான ஒன்று பல மடங்கானாலும் சின்ன எண்தான். பிள்ளைகளுக்கு எந்த மரபணுப் பரிசோதனையும் செய்ய வேண்டாம், காசு தண்டம்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஐஜிஜி அளவு, அதாவது ரத்தத்தில் உள்ள முக்கியமான ஆன்டிபாடியின் அளவு, பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். இரண்டு நிமோனியா வந்தவருக்கு அது குறைவாக இருந்தால் மாதா மாதம் இம்யூனோகுளோபுலின் (வெளியிலிருந்து கொடுக்கிற ஆன்டிபாடி) ஏற்றலாமா என்பதை அவர் யோசிப்பார், செலவு அதிகம், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. நிமோகாக்கல் தடுப்பூசியும் வருடாந்திர ஃப்ளூ ஊசியும் போடச் சொல்லிக் கேளுங்கள், ஆன்டிபாடி முழுசாக வராது, ஆனால் சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால் போட்டால் கிடைக்கிற கொஞ்சமாவது கிடைக்கும். உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகள் கூடாது, எந்த ஊசி என்றாலும் போடுவதற்கு முன் சிஎல்எல் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நோயின் போக்கைச் சொல்லும் மரபணுச் சோதனைகளான ஐஜிஎச்வி, டிபி53 இரண்டும் பார்த்திருக்கிறார்களா என்று ரிப்போர்ட்டைப் புரட்டுங்கள். பார்க்கவில்லை என்றாலும் பதற வேண்டாம், மருந்து தொடங்குவதற்கு முன் பார்த்தால் போதும். மருந்து தராமல் காத்திருப்பது அலட்சியம் கிடையாது, அறிகுறி இல்லாதபோது முந்திக்கொண்டு கொடுத்ததால் ஆயுள் கூடவில்லை என்று பல ஆய்வுகளில் பார்த்துவிட்டார்கள். ஹீமோகுளோபின் இறங்குவது, பிளேட்லெட் குறைவது, கழுத்தில் கட்டி பெரிதாவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் சட்டை நனைகிற வியர்வை, இவற்றைக் கவனியுங்கள்.

அப்புறம் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி காட்டினால் அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போய், வாசலிலேயே சிஎல்எல் நோயாளி என்று சொல்லுங்கள். அப்பா கடலுக்குப் போனவர், இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி என்பார். என்ன சொன்னாலும் கேட்காதீர்கள், ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.